மெய்நிகர் தனியார் வலையமைப்பும் ஊரக இணைய வேகமும்

மெய்நிகர் தனியார் வலையமைப்பு (சுருக்கமாக விபிஎன்) என்பது பயனரின் கணினி அல்லது திறன்பேசிக்கும் தொலைவில் உள்ள ஒரு வழங்கிக்கும் இடையே, பொது இணையத்தின் ஊடாகவே, குறியாக்கம் செய்யப்பட்ட தனி வழி ஒன்றை உருவாக்கும் நுட்பம் ஆகும். இந்த வழி சுரங்கம் எனப்படுகிறது. பயனர் அனுப்பும் தரவுப் பொதிகள் அனைத்தும் முதலில் சுரங்கத்தின் மறுமுனையில் உள்ள விபிஎன் வழங்கிக்குச் சென்று, அங்கிருந்தே உரிய இணையதளத்தை அடைகின்றன. கல்லூரி நூலகத்தின் மின்னிதழ்களை வீட்டிலிருந்து படிக்கவும், அலுவலகக் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கவும், பொது இடங்களில் உள்ள வைஃபை இணைப்பைப் பாதுகாப்பாகப் பயன்படுத்தவும் விபிஎன் உதவுகிறது.

விபிஎன் பயன்படுத்தும்போது இணைய வேகம் ஓரளவு குறைவது இயல்பு. பெருநகரங்களில் ஒளியிழை இணைப்பு வைத்திருப்போர் இந்தக் குறைவைப் பெரும்பாலும் உணர்வதில்லை. சிற்றூர்களிலும் மலைப்பகுதிகளிலும் தீவுகளிலும் இணைப்பு ஏற்கெனவே மெதுவாகவோ நிலையற்றோ இருப்பதால், அதே குறைவு இணையவழி வகுப்பு அறுந்துபோவதற்கும், விண்ணப்பப் படிவம் பாதியில் நின்றுவிடுவதற்கும் காரணமாகலாம். இக்குறைவின் அளவு பெரும்பாலும் விபிஎன் செயலியில் உள்ள சில அமைப்புகளைப் பொறுத்தது. அவற்றின் செயல்பாட்டை இக்கட்டுரை தமிழக ஊரகப் பகுதிகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

வேகம் என்பதன் கூறுகள்

பேச்சு வழக்கில் "இணைய வேகம்" என்று சொல்லப்படுவது உண்மையில் நான்கு வேறுபட்ட அளவுகளின் கூட்டு விளைவு ஆகும்.

முதலாவது, ஒரு நொடியில் கடத்தப்படும் தரவின் அளவு. இது மெகாபிட் என்ற அலகில் கூறப்படுகிறது. இந்தியாவில் அகலப்பட்டை இணைப்பு என்று அழைக்கப்பட நொடிக்குக் குறைந்தது 2 மெகாபிட் பதிவிறக்க வேகம் வேண்டும் என 2023 இல் வரையறை மாற்றப்பட்டது. அதற்கு முன் இது 512 கிலோபிட்டாக இருந்தது.

இரண்டாவது, தாமதம். ஒரு பொதி வழங்கியை அடைந்து அதற்கான மறுமொழி திரும்பி வர ஆகும் நேரம் இது. மில்லிநொடியில் அளக்கப்படுகிறது. மூன்றாவது, தாமதத்தின் ஏற்ற இறக்கம். சராசரித் தாமதம் குறைவாக இருந்தாலும் அது அடிக்கடி மாறினால் காணொளி அழைப்பில் குரல் விட்டுவிட்டு வரும். நான்காவது, பொதி இழப்பு. அனுப்பிய பொதிகளில் எத்தனை விழுக்காடு வழியில் தொலைகின்றன என்பதை இது குறிக்கும்.

விபிஎன் அமைப்புகள் இந்த நான்கையும் வெவ்வேறு விதமாகப் பாதிக்கின்றன. ஆகவே பதிவிறக்க வேகத்தை மட்டும் பார்த்து ஓர் அமைப்பு நல்லது அல்லது கெட்டது என்று முடிவு செய்ய இயலாது.

ஊரக இணைப்புகளின் தன்மை

ஊரகப் பகுதிகளில் பெரும்பாலோர் கைப்பேசிக் கோபுரத்தின் வழியாகவே இணையத்தைப் பெறுகின்றனர். ஒரு கோபுரத்தின் கொள்ளளவை அதன் எல்லைக்குள் உள்ள அனைவரும் பகிர்ந்துகொள்கின்றனர். மாலையில் பலரும் ஒரே நேரத்தில் காணொளி பார்க்கத் தொடங்கும்போது ஒவ்வொருவருக்கும் கிடைக்கும் பங்கு சுருங்குகிறது. கோபுரத்திலிருந்து தொலைவில் உள்ள வீடுகளிலும், மலைச்சரிவுக்குப் பின்னால் உள்ள வீடுகளிலும் சமிக்ஞை வலுக் குறைந்து, பொதிகள் திரும்பத் திரும்ப அனுப்பப்பட வேண்டியதாகிறது. இதனால் தாமதமும் அதன் ஏற்ற இறக்கமும் கூடுகின்றன.

ஊராட்சிகளை ஒளியிழையால் இணைக்கும் திட்டம் 2011 இல் தேசிய ஒளியிழை வலையமைப்பு என்ற பெயரில் ஒப்புதல் பெற்று, பின்னர் பாரத்நெட் எனப் பெயர் மாற்றப்பட்டது. தமிழ்நாட்டில் 12,525 கிராம ஊராட்சிகளை இணைக்கும் பணி டான்பிநெட் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. ஒளியிழை வந்த ஊர்களிலும் தரவு மாவட்டத் தலைநகரம் வழியாகச் சென்னை, மும்பை போன்ற பெரிய இணைப்பு மையங்களை அடைந்த பிறகே பிற வலையமைப்புகளுடன் கலக்கிறது. இந்த அடிப்படைப் பாதையின் மேல்தான் விபிஎன் தன் கூடுதல் பாதையைச் சேர்க்கிறது.

வழங்கியின் இருப்பிடம்

வேகத்தை மிக அதிகமாகப் பாதிக்கும் அமைப்பு, எந்த நாட்டு வழங்கியைத் தேர்ந்தெடுப்பது என்பதாகும். ஒளியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கிலோமீட்டர் வேகத்தில் செல்கிறது. எனவே ஒவ்வொரு 1,000 கிலோமீட்டருக்கும் போய்வர 10 மில்லிநொடி ஆகும். இது இயற்பியல் வரம்பு என்பதால், பணம் கட்டி வாங்கும் எந்தச் சேவையாலும் இதைக் குறைக்க முடியாது.

தேனி மாவட்டத்தில் உள்ள ஒரு மாணவர் சென்னையில் உள்ள ஓர் இணையதளத்தைத் திறப்பதாகக் கொள்வோம். பாதை ஏறத்தாழ 500 கிலோமீட்டர் என்றால், ஒளியிழையில் மட்டும் போய்வர 5 மில்லிநொடி போதும். அவர் சிங்கப்பூர் வழங்கியைத் தேர்ந்தெடுத்தால், பொதி சென்னை சென்று, கடலடி வடம் வழியாகச் சிங்கப்பூரை அடைந்து, மீண்டும் சென்னைக்கு வர வேண்டும். சென்னையையும் சிங்கப்பூரையும் இணைக்கும் ஐ2ஐ வடத்தின் நீளம் ஏறத்தாழ 3,200 கிலோமீட்டர். ஆக ஒரு வழிக்கு 6,900 கிலோமீட்டர், போய்வர 69 மில்லிநொடி. இலண்டன் வழங்கி என்றால், நேர்கோட்டுத் தொலைவைக் கொண்டு கணக்கிட்டாலும் 169 மில்லிநொடிக்குக் குறையாது. கடலடி வடங்கள் வளைந்து செல்வதால் உண்மையான தாமதம் இதைவிடக் கூடுதலாகவே இருக்கும். கைப்பேசிக் கோபுரத்தின் தாமதம் இவற்றுடன் தனியே சேரும்.

செயலியில் "இந்தியா" என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்றும் கருத இயலாது. இந்தியக் கணினி அவசரநிலைக் குழுவான செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட ஆணையில், விபிஎன் நிறுவனங்கள் தம் வாடிக்கையாளர்களின் பெயர், முகவரி, ஒதுக்கப்பட்ட இணைய முகவரி போன்ற விவரங்களை 5 ஆண்டுகள் பேண வேண்டும் என்று கூறியது. நிறுவனங்கள் தம் ஊழியர்களுக்காக நடத்தும் விபிஎன்களுக்கு இது பொருந்தாது. விபிஎன் பயன்பாட்டையும் இவ்வாணை தடை செய்யவில்லை. எனினும் எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்டுவிபிஎன் போன்ற நிறுவனங்கள் இந்தியாவில் இருந்த தம் வழங்கிகளை அதே ஆண்டில் அகற்றின. அவற்றுள் சில, இந்திய இணைய முகவரி கொண்ட வழங்கிகளைச் சிங்கப்பூர் போன்ற இடங்களில் நிறுவி "இந்தியா" என்ற பெயரிலேயே வழங்கின. இவை மெய்நிகர் இருப்பிட வழங்கிகள் எனப்படுகின்றன. அத்தகைய வழங்கியைத் தேர்ந்தெடுக்கும் பயனரின் தரவு, இந்திய முகவரியுடன் தோன்றினாலும், கடல் கடந்து சென்றே திரும்புகிறது. வழங்கிக்கான தாமதத்தை அளந்து பார்த்தால் அது அருகில் உள்ளதா தொலைவில் உள்ளதா என்பது விளங்கிவிடும்.

தாமதம் ஏன் பதிவிறக்கத்தையும் குறைக்கிறது

தாமதம் கூடினால் விளையாட்டுகளும் அழைப்புகளும் மட்டுமே பாதிக்கப்படும், பதிவிறக்கம் பாதிக்கப்படாது என்று கருதுவோர் உண்டு. இது தவறு. வலைப்பக்கங்களையும் கோப்புகளையும் கடத்தப் பரவலாகப் பயன்படும் டிசிபி நெறிமுறை, அனுப்பிய தரவு வந்து சேர்ந்ததற்கான ஒப்புகையைப் பெற்றே மேலும் அனுப்புகிறது. ஒப்புகை தாமதமானால் அனுப்பும் வேகமும் குறைகிறது. ஒரு பொதி தொலைந்தால், வழியில் நெரிசல் உள்ளதாகக் கருதி அது தன் வேகத்தை மேலும் தணித்துக்கொள்கிறது.

இவ்வுறவை 1997 இல் மாத்திசும் அவருடைய குழுவினரும் ஒரு சூத்திரமாக வெளியிட்டனர். அதன்படி, பழைய முறை டிசிபி இணைப்பு ஒன்றின் வேகம் தாமதத்துக்கு எதிர்விகிதத்திலும், பொதி இழப்பு விகிதத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்திலும் அமைகிறது. 1 விழுக்காடு இழப்பு உள்ள இணைப்பில் தாமதம் 40 மில்லிநொடி என்றால், ஓர் இணைப்பில் நொடிக்கு ஏறத்தாழ 3.6 மெகாபிட் கிடைக்கும். அதே இழப்புடன் தாமதம் 200 மில்லிநொடி ஆனால் 0.7 மெகாபிட்தான் கிடைக்கும். இழப்பு 0.01 விழுக்காடாக உள்ள நல்ல ஒளியிழை இணைப்பில், 200 மில்லிநொடித் தாமதத்திலும் 7 மெகாபிட் கிடைக்கும். தொலைவில் உள்ள வழங்கியை நகரத்துப் பயனர் தாங்கிக்கொள்வதற்கும் ஊரகப் பயனர் தாங்க முடியாமல் போவதற்கும் காரணம் இதுவே. உலாவிகள் பல இணைப்புகளை ஒரே நேரத்தில் திறப்பதாலும், பிபிஆர் போன்ற புதிய நெரிசல் கட்டுப்பாட்டு முறைகள் இழப்பை வேறு விதமாகக் கையாள்வதாலும் உண்மையான எண்கள் மாறுபடும். ஆனால் போக்கு மாறுவதில்லை.

நெறிமுறைத் தேர்வு

விபிஎன் செயலிகளின் அமைப்புப் பக்கத்தில் பொதுவாக மூன்று நெறிமுறைகள் காணப்படும்.

ஓப்பன்விபிஎன் 2001 இல் வெளிவந்தது. யுடிபி, டிசிபி ஆகிய இரண்டின் மீதும் இது இயங்கும். வயர்கார்டு மிகக் குறைந்த நிரல்வரிகளைக் கொண்ட புதிய நெறிமுறை. 2020 மார்ச்சில் வெளியான லினக்ஸ் கருனி 5.6 இல் இது சேர்க்கப்பட்டது. இது யுடிபி மீது மட்டுமே இயங்குகிறது. மூன்றாவதான ஐகேஇ இரண்டாம் பதிப்பு, ஐபிசெக் நெறிமுறையுடன் இணைந்து செயல்படுகிறது.

ஊரக இணைப்பில் முதலில் கவனிக்க வேண்டியது, டிசிபி மீது இயங்கும் ஓப்பன்விபிஎன் தெரிவைத் தவிர்ப்பதாகும். வலைப்பக்கத்தின் தரவு ஏற்கெனவே டிசிபி வழியாகச் செல்கிறது. சுரங்கமும் டிசிபியாக இருந்தால், ஒரு பொதி தொலையும்போது வெளி அடுக்கு அதை மீண்டும் அனுப்ப முயல்கிறது. அதற்குள் பொறுமையிழந்து உள் அடுக்கும் அதே தரவை மீண்டும் அனுப்புகிறது. இரு அடுக்குகளும் ஒன்றை ஒன்று அறியாததால் தேவையற்ற பொதிகள் குவிந்து இணைப்பு முடங்குகிறது. பொதி இழப்பு இல்லாத இணைப்பில் இக்குறை வெளிப்படாது. சமிக்ஞை தடுமாறும் இடத்தில் இது உடனே வெளிப்படும். விடுதி அல்லது அலுவலகத்தின் வலையமைப்பு யுடிபியைத் தடுத்திருந்தால் மட்டுமே டிசிபி தெரிவு பொருத்தமானது.

பேருந்தில் செல்வோருக்கும், வீட்டு வைஃபையிலிருந்து கைப்பேசித் தரவுக்கு அடிக்கடி மாறுவோருக்கும் வயர்கார்டு அல்லது ஐகேஇ இரண்டாம் பதிப்பு ஏற்றது. வலையமைப்பு மாறினாலும் இவை சுரங்கத்தைப் புதிதாக அமைக்காமல் தொடர வல்லவை.

குறியாக்கமும் கருவியின் திறனும்

ஒவ்வொரு பொதியையும் குறியாக்கம் செய்யவும் மீட்கவும் கருவியின் செயலி உழைக்க வேண்டும். இன்றைய மடிக்கணினிகளிலும் நடுத்தர விலைத் திறன்பேசிகளிலும் ஏஇஎஸ் குறியாக்கத்துக்கான தனி வன்பொருள் இருப்பதால் இது பெருஞ்சுமை அன்று. அவ்வசதி இல்லாத பழைய கருவிகளில் நிலைமை வேறு. அவற்றில் மென்பொருளாக இயங்கும் ஏஇஎஸ் குறியாக்கத்தைவிட, சாச்சா20 குறியாக்கம் கணிசமாக வேகமானது. இக்காரணத்துக்காகவே கூகுள் நிறுவனம் 2014 இல் ஆண்ட்ராய்டு குரோம் உலாவியில் சாச்சா20 முறையைப் பயன்படுத்தத் தொடங்கியது. வயர்கார்டு நெறிமுறையும் இதையே பயன்படுத்துகிறது. ஆகவே பழைய திறன்பேசி வைத்திருக்கும் மாணவருக்கு, நெறிமுறையை வயர்கார்டாக மாற்றுவது மட்டுமே வேகத்தையும் மின்கலத்தின் ஆயுளையும் மேம்படுத்தக்கூடும்.

வீட்டுத் திசைவியிலேயே விபிஎன் அமைப்பது வசதியானது. ஆனால் விலை குறைந்த திசைவிகளின் செயலி வலுக் குறைந்தது. குறியாக்க வேலை முழுவதும் அதன் மேல் விழுந்தால், இணைப்பின் வேகம் 100 மெகாபிட்டாக இருந்தாலும் சுரங்கத்தின் வேகம் அதில் ஒரு சிறு பங்காகக் குறையலாம். அத்தகைய வீடுகளில் ஒவ்வொரு கருவியிலும் தனித்தனியே விபிஎன் இயக்குவது மேல்.

பொதி அளவு

பலரும் அறியாத, ஆனால் ஊரகங்களில் அடிக்கடித் தொல்லை தரும் அமைப்பு, பெரும பொதி அளவு ஆகும். இது செயலிகளில் எம்டியு என்று குறிக்கப்படும். வழக்கமான ஈதர்நெட் இணைப்பில் ஒரு பொதி 1,500 பைட்டு வரை இருக்கலாம். தொலைபேசிக் கம்பி மற்றும் ஒளியிழை இணைப்புகள் பலவற்றில் பயன்படும் பிபிபிஓஇ முறை 8 பைட்டு எடுத்துக்கொள்வதால் 1,492 பைட்டு எஞ்சும். கைப்பேசி வலையமைப்புகளில் இது மேலும் குறைவாக இருக்கக்கூடும்.

விபிஎன் ஒவ்வொரு பொதியையும் இன்னோர் உறைக்குள் இடுகிறது. வயர்கார்டின் உறை, பழைய முகவரி முறையான ஐபிவி4 மீது 60 பைட்டும், ஐபிவி6 மீது 80 பைட்டும் பிடிக்கும். இதனால் வயர்கார்டின் இயல்பான பொதி அளவு 1,420 என வைக்கப்பட்டுள்ளது. 1,492 பைட்டு மட்டுமே ஏற்கும் இணைப்பில் ஐபிவி6 வழியாகச் சுரங்கம் அமைந்தால், 1,412 பைட்டுக்கு மேற்பட்ட பொதி உள்ளே நுழையாது. இத்தகைய சமயத்தில் "பொதி பெரிதாக உள்ளது" என்ற அறிவிப்பை வழியில் உள்ள திசைவி அனுப்ப வேண்டும். பல இடங்களில் பாதுகாப்புக் காரணம் கருதி அந்த அறிவிப்பு தடுக்கப்பட்டிருக்கும். அப்போது பெரிய பொதிகள் சுவடின்றி மறைகின்றன.

இதன் அடையாளம் தெளிவானது. குறுஞ்செய்திகள் செல்லும், தேடல் முடிவுகள் வரும். ஆனால் படங்கள் நிறைந்த பக்கமோ உள்நுழைவுப் பக்கமோ பாதியில் நின்றுவிடும். விபிஎன்னை நிறுத்தியதும் சரியாகிவிடும். இதைப் பயனர்கள் "விபிஎன் மெதுவாக உள்ளது" என்று விவரிப்பது வழக்கம். பொதி அளவை 1,280 ஆகக் குறைத்தால் இச்சிக்கல் பெரும்பாலும் தீரும். ஐபிவி6 வலையமைப்புகள் அனைத்தும் கட்டாயம் ஏற்க வேண்டிய குறைந்தபட்ச அளவு அதுவே. இதனால் ஏற்படும் கூடுதல் தரவுச் செலவு மிகச் சிறியது.

பிளவுச் சுரங்கமும் அருகாமைச் சேமிப்பகங்களும்

யூடியூப் போன்ற பெரிய சேவைகள் தம் காணொளிகளின் படிகளை இணையச் சேவை நிறுவனங்களின் வலையமைப்புக்குள்ளேயே சேமித்து வைக்கின்றன. பயனர் கேட்கும் காணொளி தொலைநாட்டிலிருந்து வராமல் அருகில் உள்ள சேமிப்பகத்திலிருந்து வருவதால்தான் ஊரக இணைப்பிலும் அது தடையின்றி ஓடுகிறது. விபிஎன் இயங்கும்போது பயனர் வழங்கி இருக்கும் நாட்டில் இருப்பதாகவே அச்சேவை கருதும். எனவே அந்நாட்டுச் சேமிப்பகத்திலிருந்து காணொளி வரும், அதுவும் கடல் தாண்டி. தளப்பெயரை எண் முகவரியாக மாற்றும் பெயர் வழங்கியும் வெளிநாட்டில் இருந்தால், ஒவ்வொரு புதிய தளத்தைத் திறக்கும்போதும் ஒரு கூடுதல் காத்திருப்பு உண்டாகும்.

இதற்குத் தீர்வு பிளவுச் சுரங்கம் என்னும் அமைப்பு. இதில் எந்தச் செயலிகள் சுரங்கம் வழியாகச் செல்ல வேண்டும், எவை நேராகச் செல்ல வேண்டும் என்று பயனரே பிரித்துக்கொள்கிறார். கல்லூரி விபிஎன் வழியாக மின்னிதழ் படிக்கும் மாணவர், அந்த உலாவியை மட்டும் சுரங்கத்தில் விட்டு, காணொளி வகுப்பை நேராகச் செல்ல விடலாம். சில வங்கிச் செயலிகளும் அரசு இணையதளங்களும் வெளிநாட்டு முகவரியிலிருந்து வரும் இணைப்பை ஏற்பதில்லை. அவற்றையும் நேர் பட்டியலில் சேர்ப்பது தேவையாகும். தேர்வு விண்ணப்பத்தின் கடைசி நாளில் பக்கம் திறக்காமல் தவிப்போர், விபிஎன் இயங்கிக்கொண்டிருக்கிறதா என்று முதலில் பார்ப்பது நல்லது.

பிற அமைப்புகள்

இணைப்பைத் துண்டிக்கும் பாதுகாப்பு: சுரங்கம் அறுந்தால் இணையத்தை முழுவதுமாக நிறுத்திவிடும் அமைப்பு இது. தரவு வெளியே கசியாமல் காப்பதே இதன் நோக்கம். சமிக்ஞை அடிக்கடி மறையும் இடங்களில் இது இணையமே இல்லை என்ற தோற்றத்தைத் தரும்.

உயிர்ப்புச் சமிக்ஞை: கைப்பேசி வலையமைப்புகளில் ஒரே பொது முகவரியைப் பலர் பகிர்வதால், சிறிது நேரம் அமைதியாக இருக்கும் இணைப்பை வலையமைப்பு மறந்துவிடும். அதைத் தவிர்க்க வயர்கார்டில் 25 நொடிக்கு ஒருமுறை சிறு பொதி அனுப்பும் தெரிவு உண்டு. இதற்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.2 மெகாபைட்டு மட்டுமே செலவாகும். ஆனால் திறன்பேசியின் வானொலிப் பகுதி அடிக்கடி விழிப்பதால் மின்கலம் விரைவில் தீரும். செய்தி அறிவிப்புகள் தாமதமாக வந்தால் மட்டும் இதை இயக்கலாம்.

பலகட்டச் சுரங்கம்: தரவை இரண்டு வழங்கிகள் வழியாக அனுப்பும் அமைப்பு. தாமதம் இரு பாதைகளின் கூட்டுத்தொகையாகும். சிறப்புத் தேவை இல்லாதோர் இதை நிறுத்தி வைக்கலாம்.

இலவச வழங்கிகள்: இவற்றில் பயனர் நெரிசல் மிகுதி. மாலையில் கோபுர நெரிசலும் வழங்கி நெரிசலும் ஒன்றுசேர்ந்தால் எந்த அமைப்பை மாற்றியும் பயன் இராது.

தரவு வரம்பு

முன்கட்டணத் திட்டங்களில் நாளொன்றுக்கு 1.5 அல்லது 2 ஜிகாபைட்டு என வரம்பு இருப்பது வழக்கம். விபிஎன் உறையும் இந்த வரம்பில் கணக்கிடப்படும். 1,420 பைட்டுப் பொதிக்கு 60 பைட்டு உறை என்றால் கூடுதல் செலவு ஏறத்தாழ 4 விழுக்காடு. 1.5 ஜிகாபைட்டில் இது ஏறத்தாழ 60 மெகாபைட்டு. சிறு பொதிகளில் இவ்விகிதம் கூடும். 200 பைட்டுக் குரல் பொதிக்கு அதே உறை 30 விழுக்காடு ஆகிறது. இணைய வழங்குநர் அல்லது செயலி தரும் தரவுச் சுருக்கமும் குறியாக்கத்துக்குப் பின் பயனளிக்காது. குறியாக்கம் செய்த தரவைச் சுருக்க இயலாது.

வரம்பு தீர்ந்த பிறகு வேகம் 64 கிலோபிட்டாகக் குறைக்கப்படும்போது, விபிஎன் இயக்கினால் வேகம் கூடும் என்று சில விளம்பரங்கள் கூறுவதுண்டு. இக்குறைப்பு குறிப்பிட்ட தளத்துக்கு அல்ல, மொத்த இணைப்புக்கும் உரியது. சுரங்கமும் அதே இணைப்பின் வழியாகச் செல்வதால், உறையின் சுமை சேர்ந்து வேகம் மேலும் குறையுமே தவிரக் கூடாது.

செயற்கைக்கோள் இணைப்புகள்

ஒளியிழையும் கோபுரமும் எட்டாத இடங்களில் செயற்கைக்கோள் இணைப்பு பயன்படுகிறது. புவிநிலைச் செயற்கைக்கோள் நிலநடுக்கோட்டுக்கு மேல் 35,786 கிலோமீட்டர் உயரத்தில் உள்ளது. ஒரு பொதி மேலே சென்று கீழே வந்து, மறுமொழியும் அவ்வாறே வர, குறைந்தது 475 மில்லிநொடி ஆகும். இத்தாமதத்தை ஈடுகட்டச் சேவை நிறுவனங்கள் தரைநிலையத்திலும் பயனரின் பெட்டியிலும் டிசிபி முடுக்கிகளை வைக்கின்றன. இவை ஒப்புகைகளைத் தாமே முன்கூட்டி வழங்கி வேகத்தைக் கூட்டுகின்றன. அதற்கு டிசிபி தலைப்பைப் படிக்க வேண்டும். விபிஎன் அத்தலைப்பையும் சேர்த்து மறைத்துவிடுவதால் முடுக்கிகள் செயலிழக்கின்றன. செயற்கைக்கோள் இணைப்பில் விபிஎன் இயக்கியதும் வேகம் பன்மடங்கு வீழ்வது இதனால்தான்.

அந்தமான் நிக்கோபார் தீவுகள் நெடுங்காலம் இத்தகைய இணைப்பையே பெரிதும் நம்பியிருந்தன. சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குச் செல்லும் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் கடலடி வடம் 2020 ஆகத்து 10 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. கொச்சியிலிருந்து இலட்சத்தீவுக்கான வடம் 2024 சனவரி 3 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. வடம் வந்த தீவுகளில் தாமதம் குறைவதால் விபிஎன் பயன்பாடும் இயல்பாகிறது.

வேகம் கூடும் சூழல்கள்

அரிதாக, விபிஎன் இயக்கியதும் ஒரு தளம் விரைவாகத் திறப்பதுண்டு. இதற்கு இரு காரணங்கள் உள்ளன. ஒன்று, இணையச் சேவை நிறுவனத்துக்கும் அந்தத் தளத்துக்கும் இடையிலான இணைப்பு நெரிசலாகவோ சுற்றுவழியாகவோ இருப்பது. விபிஎன் வழங்கி வேறு பாதையில் செல்வதால் நெரிசல் தவிர்க்கப்படுகிறது. மற்றொன்று, குறிப்பிட்ட வகைத் தரவை மட்டும் வேண்டுமென்றே மெதுவாக்குவது. இந்தியாவில் வலைச் சமநிலைக் கொள்கை 2018 சூலையில் ஏற்கப்பட்டு, இத்தகைய பாகுபாடு விலக்கப்பட்டுள்ளது. கோபுரத்தின் வலுக் குறைவையோ மாலை நெரிசலையோ எந்த விபிஎன்னாலும் போக்க முடியாது.

அளந்து பார்க்கும் முறை

அமைப்புகளை மாற்றும்போது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி அளப்பது முறையாகும். முதலில் விபிஎன் இல்லாமல் தாமதம், பதிவிறக்கம், பதிவேற்றம், பொதி இழப்பு ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஊரக வலையமைப்பில் வேகம் மணிக்கு மணி மாறுவதால், காலையில் எடுத்த அளவை இரவில் எடுத்த அளவுடன் ஒப்பிடுவது தவறான முடிவைத் தரும். விபிஎன்னை நிறுத்தியும் இயக்கியும் மாறி மாறி மூன்று முறையாவது அளந்து, நடுவில் உள்ள எண்ணை எடுத்துக்கொள்வது நன்று.

வேகச் சோதனைத் தளங்கள் விபிஎன் வழங்கிக்கு அருகில் உள்ள சோதனை நிலையத்தையே தாமாகத் தேர்ந்தெடுக்கும். அதில் கிடைக்கும் நல்ல எண், சென்னையில் உள்ள கல்லூரித் தளத்துக்குப் பொருந்தாது. ஆகவே இரு சோதனைகளிலும் ஒரே நிலையத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பொதி அளவைச் சோதிக்க, பிங் கட்டளையைத் துண்டாக்கத் தடையுடன் 1,472 பைட்டில் தொடங்கிப் படிப்படியாகக் குறைத்து, மறுமொழி வரும் முதல் அளவுடன் 28 பைட்டைக் கூட்டினால் இணைப்பின் பெரும அளவு கிடைக்கும்.

மாற்றத் தொடங்கும் வரிசையும் உதவும். முதலில் வழங்கியை அருகில் உள்ளதாக மாற்றலாம். பின் நெறிமுறையை வயர்கார்டு அல்லது யுடிபியாக மாற்றலாம். பக்கங்கள் பாதியில் நின்றால் பொதி அளவைக் குறைக்கலாம். இறுதியாகப் பிளவுச் சுரங்கம் அமைக்கலாம்.

வேகமும் தனியுரிமையும்

விபிஎன்னை நிறுத்திவிடுவதே எளிய தீர்வாகத் தோன்றலாம். இன்று பெரும்பாலான இணையதளங்கள் தாமே குறியாக்கம் செய்த இணைப்பைப் பயன்படுத்துவதால், வீட்டிலிருந்து பாடக் காணொளி பார்ப்பதற்கு விபிஎன் தேவையில்லை என்பது உண்மையே. ஆனால் எந்தத் தளத்துக்குச் செல்கிறோம் என்பது இணைய வழங்குநருக்குப் புலப்படும். விபிஎன் இயக்கினால் அந்த விவரம் வழங்குநருக்குப் பதிலாக விபிஎன் நிறுவனத்துக்குத் தெரியவரும். ஆகவே நம்பகமற்ற இலவசச் செயலி ஒன்றைப் பயன்படுத்துவது, வேகத்தையும் தனியுரிமையையும் ஒருசேர இழப்பதாக முடியலாம். கல்லூரி அல்லது அலுவலகத்தின் உள்வலைக்குச் செல்ல விபிஎன் கட்டாயமாக இருக்கும்போது அதை நிறுத்தும் தெரிவே பயனருக்கு இல்லை. அத்தகையோர் பிளவுச் சுரங்கம், சிறிய பொதி அளவு ஆகியவற்றை அனுமதிக்குமாறு தம் நிறுவனத்தின் வலையமைப்பு நிருவாகியிடம் கேட்கலாம். நகரத்திலிருந்து மட்டுமே சோதித்த நிருவாகிக்கு, ஊரகப் பயனரின் அளவீட்டுக் குறிப்பு உரிய மாற்றத்தைச் செய்ய உதவும்.